இரண்டாவது படுக்கையறை

காலையிலேயே எங்கள் கட்டடத்து ஆண்கள் கறுப்புக் குப்பைப் பைகளைத் தூக்கிக்கொண்டு கார்கள் நிற்கும் இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பைகளில் குப்பை இல்லை. சட்டை, ரேஸர், பெல்ட், எல்லாம் அவரவருடையது.

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வரும் நாள் அது. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஆள் வீட்டில் இருப்பது தெரிந்தால் வாடகை ஏறும், சில சமயம் வீடே போகும். அதனால் வருடத்தில் ஒரு காலை மட்டும் ஆக்ரன் நகரத்தின் இந்த மூலையில் பெண்கள் எல்லோரும் தனிக்கட்டைகள் ஆகிவிடுவோம்.

என்னோடு வாழும் கர்டிஸின் பெயரும் ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் அவனுடைய ஷூக்களை நான் காருக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"கொண்டுவாடி சீக்கிரம்," என்றாள் மிஸ் வெர்லீன். "என்ன இது, ஷூவா, படகா?"

அவளுடைய கவலை எங்களுடையதற்கு நேர் எதிர். நாங்கள் இருக்கிற ஆளை ஒளிக்க வேண்டும். அவள் இல்லாத ஆளை இருப்பதாகக் காட்ட வேண்டும்.

இங்கே தலைக்கு ஏற்றபடிதான் அறை. அம்மாவும் மகனும் என்றால் இரண்டு படுக்கையறை. ஒருத்திதான் என்று தெரிந்தால், ஒற்றை அறை வீடு எங்கே காலியாகிறதோ அங்கே போ என்பார்கள். அவள் மகன் டவாரிஸ் மார்ச் மாதத்திலிருந்து அங்கே இல்லை. அவன் அறையை மட்டும் விடமாட்டேன் என்று நின்றாள்.

பல் துலக்கும் பிரஷை நனைத்து வைத்தாள். ஒரு கிண்ணத்தில் சோள அவலைப் போட்டுப் பால் ஊற்றி, நாலு வாய் தின்று, பாதியில் எழுந்துபோனவன் வைத்ததுபோல மேசையில் விட்டாள். திருட்டுத்தனம் அவளுக்கு வராது. பால் கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது.

நான் ஷூக்களை எடுத்துக்கொண்டு டவாரிஸின் அறைப் பக்கம் போனேன்.

"அந்த ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போகாத! வாசல்லயே வை."

எரிந்து விழுந்தாள். கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உடம்பை நுழைத்து உள்ளே போய்ப் போர்வையைக் கலைத்துவிட்டு அதேபோல வெளியே வந்து மூடினாள். அந்த இடுக்கில் டவாரிஸின் தலை எண்ணெய் வாசனை வந்தது. பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்கு வந்தவர் ஹாலோவே. மோசமான ஆள் இல்லை. முழங்கால் வலிக்காரர், மாடி ஏறி வந்த கோபம் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

புகை மணியை அழுத்திப் பார்த்தார். வெந்நீரைத் திறந்து விரலை நீட்டினார். வாசலில் கிடந்த ஷூக்களைப் பார்த்தார்.

"உங்க பையனா? பாஸ்கெட்பால் ஆடுவானோ?"

"வேலைக்குப் போயிருக்கான்," என்றாள் மிஸ் வெர்லீன், கேட்காத கேள்விக்கு.

மனிதர் ஷூவை விட்டுவிட்டு மூடியிருந்த கதவைக் காட்டினார்.

"அந்த ரூம் ஜன்னலைத் திறந்து காட்டுங்க மேடம். தீப்பிடிச்சா ஆள் வெளிய குதிக்கணும்ல."

அவள் முகம் செத்துப்போனது. "போன வருஷமே பாத்தீங்களே."

"இந்த வருஷமும் பாக்கணும். திறக்கலேன்னா ஃபெயில்தான் போடணும். அப்புறம் ஆளுங்க வந்து ஜன்னலையே பேத்து மாத்துவாங்க."

பிரஷ், பால், ஷூ என்று எல்லாம் யோசித்தவள் ஜன்னலை மறந்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அடுப்ப மொதல்ல பாருங்க," என்றாள். "நான் திறந்து வைக்கிறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹாலோவே ஒவ்வொரு அடுப்பாகப் பற்றவைத்துப் பார்த்தார். அவரைப் பிடித்து வைக்க நான் பனி, பஸ், முழங்கால் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அறைக்குள் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. நீளமாக, விட்டுவிட்டு.

அந்த டேப் எனக்குத் தெரியும். டவாரிஸை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று மதியம், கறுப்பு உடையைக்கூட மாற்றாமல், ஜன்னலின் நாலு பக்கமும் அவள் ஒட்டியது. சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். குளிர்காற்று வருது என்றாள். மார்ச் மாதம், நம்பினேன். ஆகஸ்ட் புழுக்கத்திலும் அவள் அதைப் பிரிக்காதபோது கிழவிக்குக் கிறுக்கு என்று கர்டிஸிடம் சொல்லிச் சிரித்தேன்.

மட்டி நான். சற்று முன் கதவிடுக்கில் அவன் தலை எண்ணெய் வாசனை என் மூக்கிலேயே ஏறியதே, அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

ஜன்னல் கிறீச்சிட்டுத் திறந்தது.

நாங்கள் உள்ளே போனபோது நவம்பர் காற்று திரைச்சீலையைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அறையில் தெருவின் ஈர வாடை. ஹாலோவே தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார்.

"பாஸ். வீடு உங்களுக்குத்தான் மேடம், அடுத்த வருஷம் பாக்கலாம்."

மிஸ் வெர்லீன் தலையை மட்டும் ஆட்டினாள். கன்னத்தில் தலையணைத் தையலின் தடம் பதிந்திருந்தது.

"ஒரு தேங்க்ஸ் சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று என்னிடம் முணுமுணுத்தபடி அவர் என் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அறை நடுவில் நின்றிருந்தாள். உதடுகள் இறுகி, கண்கள் பிதுங்கி, இழுத்த மூச்சை இன்னும் விடாமல்.