பெய்யப் பயந்த மேகம்

கடலிலிருந்து கிளம்பிய ஒரு குட்டி மேகத்துக்குப் பெய்யப் பயமாக இருந்தது. பெய்துவிட்டால் தான் இல்லாமலே போய்விடுவோமோ என்று நினைத்தது.

கரையோரம் அலைகளைத் தடுத்துக்கொண்டிருந்த அலையாத்திக் காடு, "எனக்குக் கடல் இருக்கிறது, நீ உள்ளே போ" என்றது. சமவெளியில் முட்புதர்க் காடு, "எனக்குக் கொஞ்சம் ஈரம் போதும். மலைக்குப் போயேன்" என்றது.

மலையுச்சியில் சோலைக்காடு பாசி படர்ந்த கிளைகளை நீட்டியது.

"இறங்கு. உன்னைச் சிதறவிட மாட்டேன்."

மேகம் கண்ணை மூடிக்கொண்டு பெய்தது. இலை, பாசி, சருகு, மண் என்று மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அங்கே இருட்டாக, இதமாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனது.

கோடையில் ஒரு நாள், பாறை இடுக்கில் ஊற்றாகக் கண் விழித்தது. எதிரே நாக்கு வறண்டு ஒரு மான்குட்டி நின்றது.

"நீ யாரு?" என்று கேட்டது மான்குட்டி.

"தெரியலையே. நீ முதலில் குடி."