ஒரு விரல் மருந்து

அறுபத்து மூன்று நாள்களாக அந்தச் சிமிழ் அவளிடம் இருக்கிறது.

அட்டையில் வரைந்த சிமிழ். உள்ளே ஒரு விரலில் தொட்டெடுக்கும் அளவுக்கு மட்டும் மருந்து. சாகக் கிடப்பவரையும் எழுப்பும். ஒரே ஒரு முறை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் கதையாட்டம். தொடங்கிய அன்று ஆளுக்கொரு மாயப் பொருள் செய்யச் சொன்னான் இர்ஷாத். கதையை நடத்துபவன் அவன்தான். மற்றவர்கள் வாள் செய்தார்கள், கேடயம் செய்தார்கள்.

அவள் மருந்து செய்தாள். விதியும் அவளே எழுதினாள்.

பூசுகிறவர், அடிபட்டவரிடம் இதுவரை ஒளித்து வைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உண்மை என்று அடிபட்டவர் ஒப்புக்கொண்டால்தான் மருந்து வேலை செய்யும்.

"மருந்துக்கு இவ்ளோ வில்லங்கமா?" என்று சிரித்தான் இர்ஷாத்.



ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள். நவநீதனின் வீரன் ஒருமுறைகூட விழவில்லை.

இன்று அவனுக்கு நான்கு உயிர்ப்புள்ளிதான் மிச்சம். குகையரக்கன் ஈட்டியை ஓங்கியிருந்தான். இருபது முகப் பகடையில் பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் ஈட்டி பாயும். சரிபாதி வாய்ப்பு.

பகடை உருண்டது. பதினேழு.

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டை வரை வந்திருந்தது.

"நான் குறுக்க பாஞ்சுடறேன். பாயலாம்ல?"

பெனிட்டா. இன்றுதான் முதல் நாள். நவநீதனின் பைக்கில் வந்தவள். அவனுடைய ஹெல்மெட் இன்னும் அவள் மடியில் இருந்தது.

"பாயலாம். ஆனா உங்களுக்கு மொத்தமே ஆறு உயிர்தான்" என்றான் இர்ஷாத்.

"பரவால்ல."

ஈட்டி பெனிட்டாவின் வில்லாளி மேல் பாய்ந்தது.

"டேய் நவநீ, மொத நாளே சாகடிக்கறதுக்கா கூட்டிட்டு வந்த?" என்றான் இர்ஷாத்.

எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் சிரிக்கவில்லை.

குறுக்கே பாயலாம்.

ஒன்பது வாரத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை. அவன் விழுவதற்காக மட்டுமே காத்திருந்தாள்.

"உன்கிட்ட சிமிழ் இருக்குல்ல?" நவநீதன் அவள் பக்கம் திரும்பினான். அன்றைக்கு அப்போதுதான் திரும்பினான். "அவளுக்குப் போடு."

அவளுக்கு.

முடியாது என்று சொல்லலாம். பொருள் அவளுடையது. பெனிட்டாவின் வில்லாளி செத்துப்போவாள். பெனிட்டா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள், போனை நோண்டுவாள். அடுத்த ஞாயிறு வராமலும் போகலாம்.

சிமிழ் மிஞ்சும். அவன் என்றாவது விழுவான்.

"இந்தச் சுற்றுக்குள்ள சொல்லணும்" என்றான் இர்ஷாத்.

"உங்க வில்லாளியோட பேரு எனக்குப் பிடிக்கல" என்றாள் அவள்.

பெனிட்டா வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, எனக்கே பிடிக்கலங்க. நீங்க மூஞ்சியச் சுளிச்சப்பவே தெரிஞ்சுது."

"அப்போ செல்லாது. ஒளிச்சு வெச்சதா இருக்கணும்" என்றான் இர்ஷாத். "நீ எழுதுன விதிதான்."



"ஏதாச்சும் சொல்லு" என்றான் நவநீதன். "ப்ளீஸ்."

இவ்வளவு நாளில் அவளிடம் அவன் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் முறை.

பெனிட்டா நிஜமாகவே அடிபட்டவள்போல மேசையில் தலை சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கையை நீட்டினாள்.

மருந்து பூசுகிறவர் மணிக்கட்டைத் தொட வேண்டும். அது அந்த மேசையின் வழக்கம்.

தொட்டாள். கை சூடாக இருந்தது. நாடி வேகமாக அடித்தது. விளையாட்டுக்கு இவ்வளவு வேகம் எதற்கு?

அவள் நவநீதனைப் பார்க்கவில்லை.

"இது உங்களுக்காகச் செஞ்சதில்ல."

இர்ஷாத் பகடையைக் கீழே வைத்தான்.

பெனிட்டா கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "யாருக்குன்னு சொல்லுங்க."

அவள் அந்த மணிக்கட்டை விடவில்லை.

"நவநீதனுக்கு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.