உயர்ந்த சராசரி

சராசரி குறைந்த அணி மெஷினை விட்டுப் பேக்கிங்குக்குப் போக வேண்டும், ஆண்கள் அணியோ பெண்கள் அணியோ. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் மேனேஜர் தணிகைவேல் போட்ட உத்தரவு இது. புள்ளியியல் படித்த அஃப்ஸானா போர்டில் எழுதினாள்: ‘மணிக்கு ஏ அணி 52 பீஸ், பி அணி 49.’

“பாத்தியா, ஆம்பளைங்க ஆம்பளைங்கதான். பொம்பளைங்கள பேக்கிங்குக்கு அனுப்பிடு.”

“ஏ அணி ஆம்பளைங்கன்னு யாரு சார் சொன்னது?”

“இன்னாம்மா, அப்ப ஏ-தான் பொம்பளைங்களா?”

“ரெண்டுமே பொம்பளைங்க சார். சீட்டு குலுக்கி ரெண்டா பிரிச்சேன். சும்மா பிரிச்சாலே மூணு பீஸ் வித்தியாசம் வருது. ஆம்பளைங்கள இன்னும் அளக்கவே இல்ல.”

“அப்ப பேக்கிங்குக்கு யாரத்தான் அனுப்பறது?”

மெஷினில் இருந்த கங்கம்மா திரும்பினாள். “நீங்க போங்க சார். எங்க சராசரி தானா ஏறும்.”

தணிகைவேலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேக்கிங் பேச்சை அதோடு விட்டார்.