ஆற்றுக்கு அப்பால் ஒரு பள்ளி

பள்ளிச் சேர்க்கைக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள். எந்தப் பள்ளியை முதல் விருப்பமாகப் போடுவதென்று பிடிபடாமல், லொரெய்ன் மகளோடு பேருந்தில் போய்ப் பார்க்கிறாள். தெருமுனைப் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். கெசாயா ஆசைப்படும் செல்லோ வாத்தியம் சொல்லித்தரும் பள்ளியோ அனகோஸ்டியா ஆற்றுக்கு அப்பால். இரண்டு பேருந்து பிடிக்க வேண்டும். "தூரமே இல்லம்மா, நீயே பாரேன்" என்று வழியெல்லாம் கெஞ்சிய பத்து வயது கெசாயா, இரண்டாவது பேருந்து பாலம் ஏறும்போதே அம்மாவின் தோளில் தூங்கிப்போகிறாள். ஆற்றில் பட்டுத் தெறிக்கும் குளிர்கால வெயில் அவள் இமைகளில் ஆடுகிறது. கழன்ற கையுறை மடியில் கிடக்கிறது. இந்தப் பிள்ளையைத் தினமும் இருட்டோடு எழுப்பி அலைக்கழிக்க லொரெய்னுக்கு மனசு வரவில்லை. பேருந்து நிற்கிறது. "எழுந்திருடி கண்ணு, உன் ஸ்கூல் வந்துடுச்சு." கண்ணைக் கசக்கிக்கொண்டு கெசாயா வெளியே பார்க்கிறாள். "அதுக்குள்ளயா?" லொரெய்னுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. கீழே இறங்கியதும் கைப்பேசியை எடுத்து, குளிரில் விறைத்த கட்டைவிரலால் விண்ணப்பத்தில் செல்லோ பள்ளியை முதலிடத்துக்கு நகர்த்துகிறாள்.