இரண்டாம் இயலின் ருசி

மறுநாள் வாய்மொழித் தேர்வுக்குப் போகவேண்டிய ஆய்வேடு ஒன்று, தங்க எழுத்துப் பதித்த நீல அட்டையோடு துறை நூலக அலமாரியில் மிடுக்காக நின்றுகொண்டிருந்தது. காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி ஒன்று அதன்மேல் ஏறியது.

"டேய் பூச்சி, இறங்குடா! ராப்பகலா உழைச்சு எழுதினது இது" என்று ஆய்வேடு அதட்டியது.

"கோவிச்சுக்காதீங்க சார், பசி."

பூச்சி உள்ளே நுழைந்து முதல் இயலைக் கொறித்தது. இரண்டாம் இயலில் வாய் வைத்ததும் நின்றுவிட்டது.

"சார், இதை நான் ஏற்கெனவே தின்னிருக்கேனே! கீழ்த்தட்டுல இருக்கிற பழைய ஆய்வேட்டுல இதே இயல்தான். ஒரு காற்புள்ளிகூட மாறல."

ஆய்வேட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. கீழ்த்தட்டுப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. தங்க எழுத்துகளை யாருக்கும் காட்டாமல் சுவரோரம் திரும்பிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நாளைக்கு அவையில் யாராவது இதையே கேட்டுவிட்டால்?

கடைசியில் பூச்சியிடமே கெஞ்சியது.

"அண்ணே, அந்த இயலை மட்டும் எப்படியாவது தின்னு முடிச்சிடுங்கண்ணே."

பூச்சி வாயைத் துடைத்துக்கொண்டு அட்டையிலிருந்து இறங்கியது.

"நான் பூச்சிதான் தம்பி. ஆனாலும் எச்சில் தின்னமாட்டேன்."