மஞ்சளாகும் செல்

ஆய்வகத்தில் தனியாக இருந்தவளின் கைபேசி ஒலித்தது. அவளை அழைக்கும் ஒரே ஆள், வெளியூரிலிருக்கும் அவளுடைய பேராசிரியர்தான்.

“என்னம்மா, நம்ம சோலார் பிள்ளை பெரோவ்ஸ்கைட் எப்படி இருக்கான்?”

“கறுப்பா இருந்தவன் மஞ்சளாயிட்டான் சார். மறுபடியும் ஈரம் பட்டிருக்கு.”

“கரண்ட் குடுக்கச் சொன்னா மஞ்சக்காமாலை வாங்கிட்டு வர்றானே. நல்லாத்தானே மூடின?”

“ஆமா சார். ஈரம் எப்படி நுழையுதுன்னே தெரியல.”

“இந்த சோலார் செல் மட்டும் தாங்கிட்டா, உன்னை தினமும் தொந்தரவு பண்ண மாட்டேன். சரி, நாளைக்குக் கூப்பிடறேன்.”

“கூப்பிடுங்க சார்.”

போனை வைத்தாள். சோதனை விளக்கின் கீழே இன்னொரு செல், வாரக்கணக்காகக் கறுப்பு மாறாமல், மின்சாரமும் குறையாமல் இருந்தது.

அதன் மூடியைப் பிரித்து உதட்டருகே கொண்டுபோனாள். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் ஊதுவதுபோல், நிதானமாக ஊதினாள்.