ரங்கனின் முதல் கேசட்

வேலூர் ஒலிப்பதிவு அறையில், டோலக் எப்படித் தட்டினாலும் ரங்கனின் வேகப்பாட்டு நாலாவது வரியில் இடறி நின்றது.

"மலையில மழ மாதிரி கொட்டினியே! இங்க இன்னா ஆச்சு?" என்றார் கேசட் கம்பெனி ராஜவேலு.

"எம் பொஞ்சாதி வரணுங்க."

"ஒரு நாள்கூட பிரிஞ்சி இருக்க முடியலியா?" எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஜவ்வாது மலையிலிருந்து அவன் மனைவி அம்மாக்கண்ணு பெரிய மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அறைக்குள் மூட்டையை அவிழ்த்து மர உரலை வைத்தாள். சாமையைக் கொட்டிக் குத்தத் தொடங்கினாள். உலக்கை விழ விழ, ரங்கனின் பாட்டு நிற்காமல் பாய்ந்தது.

"அட்டையில உன் பேரப் பெருசா போடறேன்!" என்றார் ராஜவேலு.

ரங்கன் கும்பிட்டான்.

"அவ பேர மொதல்ல போடுங்க சார். அவ குத்துன சாமையிலதான் சோறு தின்னேன். அந்தச் சத்தத்துலதான் பாட்டும் கட்னேன்."